யாரிடம் வாங்கிய கடன்?

2021 ஆகஸ்ட் 9. மதுரையிலிருந்து அம்மா போன் செய்தாள். வழக்கமாக ராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகுதான் கூப்பிடுவாள். அன்று சாயங்காலமே கூப்பிட்டுவிட்டாள்.

"நமக்கு ரெண்டு லட்சத்து அறுபத்துமூணாயிரம் கடனாம்டா. டிவில சொல்றாங்க."

"நமக்கு இல்லம்மா. தமிழ்நாடு அரசுக்கு. அதை எல்லாக் குடும்பத்துக்கும் வகுத்துச் சொல்றாங்க."

"சரி, யார்ட்ட வாங்குனது?"

மீட்டிங்கில் இருந்தேன். அப்புறம் சொல்றேன்மா என்று வைத்துவிட்டேன். உண்மையில் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. எஞ்சினியரிங் படித்தவன், மாதாமாதம் வரி பிடித்தம் போகச் சம்பளம் வாங்குகிறவன், ஆனால் அரசாங்கம் யாரிடம் கடன் வாங்குகிறது என்று அதுவரை யோசித்ததே கிடையாது.

தமிழ்நாட்டின் நிதிநிலை பற்றிய வெள்ளை அறிக்கை அன்றுதான் வெளியாகியிருந்தது. அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் வெளியிட்டார். 2021 மார்ச் இறுதியில் மாநிலத்தின் கடன் 5,70,189 கோடி ரூபாய். குடும்பங்கள் 2.16 கோடி. ஒன்றை மற்றதால் வகுத்தால் 2,63,976 ரூபாய். ராத்திரிக்குள் அந்த எண் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கு மூன்று வடிவங்களில் வந்து சேர்ந்துவிட்டது. ஒன்றில் பின்னணி இசைகூட இருந்தது.

அந்த அறிக்கையை நான் மூன்று தடவை படித்திருக்கிறேன். முதல் தடவை அம்மாவுக்குப் பதில் சொல்வதற்காக. இரண்டாவது தடவை, 2022ல் சொத்து வரி ஏறியபோது. மூன்றாவது தடவை சமீபத்தில், வேறு ஒரு காரணத்துக்காக. அதைக் கடைசியில் சொல்கிறேன். பொருளாதார வல்லுநர்கள் அதை எண்களாக வாசித்து முடித்துவிட்டார்கள். ஒரு பிரதியாக, அது யாரை நோக்கி என்ன தொனியில் பேசுகிறது, எதைப் படமாக நிறுத்துகிறது, எதை ஓரமாகத் தள்ளுகிறது என்று யாரும் வாசித்ததாகத் தெரியவில்லை. அதற்கான முயற்சி இது.

வெள்ளை அறிக்கைக்கு என்று ஓர் இலக்கணம் இருக்கிறது. புதிதாகக் குடிவந்தவர், முன்பு குடியிருந்தவர் வீட்டை என்ன கதியில் விட்டுப் போயிருக்கிறார் பாருங்கள் என்று வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டுவது. இங்கே வீட்டுக்காரர் நாம். 2001ல் அ.தி.மு.க. ஆட்சிக்கு வந்ததும் நிதியமைச்சர் பொன்னையன் ஒன்றைக் காட்டினார். இருபது வருஷம் கழித்து தி.மு.க. காட்டியது. சுவரில் எங்கெங்கே ஆணி அடித்திருக்கிறார்கள், குழாய் எங்கே ஒழுகுகிறது என்றெல்லாம் பட்டியல் வரும். பட்டியலில் பொய் இருக்காது. ஆனால் அஸ்திவாரம் ஏன் இறங்குகிறது என்பதும் அதில் பெரும்பாலும் இருக்காது. ஏனென்றால் அது புதியவருக்கும் பிரச்சினைதான்.

இதைச் சொல்லும்போதே அறிக்கையின் பெருமையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு நிதி ஆவணம் டீக்கடையில் பேசுபொருளானது தமிழ்நாட்டில் அடிக்கடி நடப்பதில்லை. 2020-21ல் வருவாய்ப் பற்றாக்குறை 61,320 கோடி, மாநில மொத்த உற்பத்தியில் 3.16 சதவீதம் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னது. வருவாய்ப் பற்றாக்குறை என்பது அன்றாடச் செலவுக்கே வரவு போதாமல் போவது. பாலம் கட்டக் கடன் வாங்குவது வேறு, சம்பளமும் ஓய்வூதியமும் வட்டியும் கொடுக்கக் கடன் வாங்குவது வேறு. இந்த வித்தியாசத்தை அறிக்கை அழுத்திச் சொல்கிறது. எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் படித்திருக்க வேண்டிய பகுதி அது.

என் தொழிலில் இதே மாதிரி ஓர் ஆவணம் உண்டு. சர்வர் படுத்துவிட்டால், எல்லாம் சரியான பிறகு, ஏன் படுத்தது என்று ஓர் அறிக்கை எழுத வேண்டும். ஆர்.சி.ஏ. என்போம். மூலகாரண ஆய்வு. அதற்கு ஒரு விதி: ஓர் ஆளின் பெயரை மூலகாரணமாக எழுதக்கூடாது. "ராத்திரி ஷிஃப்டில் இருந்தவர் தப்பான கட்டளை கொடுத்துவிட்டார்" என்று எழுதினால் மேனேஜர் திருப்பி அனுப்புவார். அவர் கொடுத்தார், சரி. சிஸ்டம் ஏன் அனுமதித்தது? அதைத் தடுக்க ஏன் ஒன்றும் இல்லை? இப்படி ஐந்து தடவை "ஏன்" கேட்க வேண்டும் என்பார்கள். வெள்ளை அறிக்கை, என் கணக்கில், ஒன்றரை "ஏன்" வரைக்கும் போகிறது. பத்தாண்டு நிர்வாகக் கோளாறு என்பது முதல் ஏன். மத்திய அரசிடமிருந்து வர வேண்டியது குறைந்தது என்பது அரை ஏன். அதற்குக் கீழே இறங்காமல் நின்றுவிடுகிறது.

நின்றுவிடுவதற்கு அந்த 2,63,976தான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அம்மாவின் கேள்வியிலிருந்து தொடங்கலாம். யாரிடம் வாங்கியது? மாநில அரசுகள் கடன் பத்திரம் வெளியிடுகின்றன. ரிசர்வ் வங்கி அவற்றை ஏலம் விடுகிறது. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வங்கிகள், இன்சூரன்ஸ் நிறுவனங்கள், பி.எஃப். நிதிகள். அம்மாவுக்கு எல்.ஐ.சி. பாலிசி இருக்கிறது. எனக்கு மாதாமாதம் பி.எஃப். பிடிக்கிறார்கள். அப்பாவின் ஃபிக்சட் டெபாசிட் ஒரு பொதுத்துறை வங்கியில் கிடக்கிறது. ஆக, அரசுக்குக் கடன் கொடுத்தவர்களின் வரிசையில் ஏதோ ஒரு மூலையில் எங்கள் குடும்பமும் நிற்கிறது. வட்டியும் வாங்குகிறது. இதை நான் சொன்னபோது அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப பாலிசியே இல்லாதவங்க?" என்றாள்.

சரியான கேள்வி. 2.16 கோடி குடும்பங்களுக்கும் ஒரே மாதிரி வகுத்துக் கொடுத்த படத்தில் எல்.ஐ.சி. பாலிசி இருக்கிற குடும்பமும் இல்லாத குடும்பமும் ஒன்று. மூன்று அடுக்கு வீடு வைத்திருப்பவரும், அந்த வீட்டுக்குச் சித்தாள் வேலைக்கு வந்தவரும் ஆளுக்கு 2,63,976. சராசரி என்கிற கணக்குக்கு இந்தக் குணம் உண்டு. பஸ் ஒரு கிலோமீட்டர் ஓடினால் 59 ரூபாய் 15 காசு நஷ்டம், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2 ரூபாய் 36 காசு நஷ்டம் என்று அறிக்கை சொல்வதும் இதே கணக்குத்தான். கேட்டவுடன் நமக்குத் தோன்றுவது என்ன? பஸ் ஓடாமல் இருந்தால் தேவலையே என்பது. அந்த பஸ்ஸில் போய் வேலை செய்து வருகிறவளின் கூலி எந்தக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது என்பது அந்த எண்ணுக்குள் இல்லை.

சரி, வகுப்பதுதான் விளையாட்டு என்றால் நாமும் வகுத்துப் பார்ப்போம். வேறு ஓர் எண்ணை.

அறிக்கையில், யாரும் வாட்ஸப்பில் அனுப்பாத ஓர் எண் இருக்கிறது. மாநிலத்தின் சொந்த வரி வருவாய், மாநில மொத்த உற்பத்தியில் எத்தனை சதவீதம் என்பது. ஒரு காலத்தில் 8 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. 2020-21ல் 5.46. அந்த வருஷத்து உற்பத்தி ஏறக்குறைய 19.4 லட்சம் கோடி. 8 சதவீதத்திலேயே நின்றிருந்தால் கூடுதலாக 49,000 கோடி வந்திருக்கும். பற்றாக்குறையான 61,320 கோடியில் ஐந்தில் நான்கு பங்கு காணாமல் போயிருக்கும். கொரோனா வருஷம், அதனால் 5.46 என்பது வழக்கத்தைவிடத் தாழ்ந்த எண் என்று சொல்லலாம். நியாயம்தான். 6 என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் 39,000 கோடி. அதாவது பிரச்சினையின் பெரும்பகுதி செலவில் இல்லை, வராமல் போன வரியில் இருக்கிறது. "உன் தலையில் இவ்வளவு கடன்" என்பதற்குப் பதில் "உன்னிடமிருந்து வர வேண்டிய இவ்வளவு வரவில்லை" என்று அறிக்கை சொல்லியிருந்தால் எங்கள் குடும்பக் குழுவில் அது ஃபார்வர்டு ஆகியிருக்குமா என்பது சந்தேகம்.

யாரிடமிருந்து வரவில்லை? இங்கே என் கதை வருகிறது.

நான் ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கிறேன். எங்கள் கம்பெனியின் வாடிக்கையாளர்கள் எல்லாம் வெளிநாட்டில். என் சம்பளமும் கம்பெனியின் லாபமும் தமிழ்நாட்டின் மொத்த உற்பத்தியில் சேர்கின்றன. அந்த விகிதத்தின் கீழ்ப்பகுதி பெருக்கிறது. மேல்பகுதிக்கு என்ன சேர்கிறது? சாஃப்ட்வேர் ஏற்றுமதிக்கு ஜி.எஸ்.டி. பூஜ்யம். கட்டியதையும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். என் வருமான வரி மத்திய அரசுக்குப் போகிறது. என் சம்பளத்தின் மேல் இங்கே போடக்கூடிய ஒரே வரி தொழில் வரி. அது உள்ளாட்சிக்குப் போகிறது. அதற்கு அரசியல் சட்டத்தின் 276ஆவது பிரிவு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது: வருஷத்துக்கு 2,500 ரூபாய். அந்த வரம்பு 1988ல் வைத்தது. நான் பிறப்பதற்கு முன்னால். அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் வந்தது, ஓ.எம்.ஆர். வந்தது, நான் வந்தேன், என் சம்பளம் வந்தது. 2,500 அப்படியே இருக்கிறது. நான் ஒரு மாதத்தில் காபிக்குச் செலவழிப்பது அதைவிட அதிகம்.

செலவழிக்கும்போது ஜி.எஸ்.டி. கட்டுகிறேன், பாதி மாநிலத்துக்கு வருகிறது, உண்மைதான். ஆனால் சம்பாதிப்பதில் நான் செலவழிப்பது ஒரு பகுதிதான். மீதி மியூச்சுவல் ஃபண்டுக்கும் வீட்டுக் கடனுக்கும் போகிறது. பொருளாதாரம் மாநிலம் வரி போட முடிகிற இடத்திலிருந்து வரி போட முடியாத இடத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்கும்போது, நிர்வாகம் எவ்வளவு கறாராக இருந்தாலும் விகிதம் இறங்கத்தான் செய்யும். இது இரண்டாவது ஏன். அறிக்கையில் இதற்கு இடம் போதவில்லை.

மத்திய அரசுக்குப் போன என் வருமான வரி திரும்பி வருவதில்லையா என்றால், வருகிறது. பகிர்வுக்குரிய வரியில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு. 15ஆவது நிதிக்குழுவின்படி அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். பெருக்கிப் பார்த்தால் நூறு ரூபாய்க்கு 1 ரூபாய் 67 காசு. (மும்பைக்காரர் கட்டும் நூறிலும் நமக்கு அதே 1.67 உண்டு. அதை மறந்துவிட்டுப் பேசுவது நம் மேடைப் பேச்சு வழக்கம்.) 13ஆவது நிதிக்குழுவில் நம் பங்கு 4.969 ஆக இருந்தது, 14ல் 4.023 ஆனது. ஏழை மாநிலத்துக்கு அதிகம் போவதில் எனக்கு வருத்தம் இல்லை. பீகாரில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போவதற்கு என் வரி உதவினால் நல்லதுதான். எரிச்சல் வேறு இடத்தில். 'பகிர்வுக்குரிய' என்கிற அந்தச் சொல்லில்.

அறிக்கை வந்த சமயத்தில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்திய கலால் வரி 32 ரூபாய் 90 காசு. அதில் மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படை வரி எவ்வளவு தெரியுமா? 1 ரூபாய் 40 காசு. மீதியெல்லாம் செஸ், சிறப்பு வரி என்று வேறு பெயர்களில். செஸ்ஸையும் சர்சார்ஜையும் பகிர வேண்டியதில்லை. 1.40ல் 41 சதவீதம், அதில் 4.079 சதவீதம். இரண்டு காசுக்குச் சற்று மேல். முப்பத்திமூன்று ரூபாய் வரியில் தமிழ்நாட்டுக்கு இரண்டே கால் காசு! கால்குலேட்டரில் இதை இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன். பெயரை மாற்றி வைத்தால் பங்கு கொடுக்க வேண்டாம் என்கிற இந்தத் தந்திரத்தை ஒரு ஜூனியர் டெவலப்பர் கோடில் எழுதினால் ரிவ்யூவில் பிடித்துவிடுவோம்.

ஆக, 2017ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, மாநிலம் தன் இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கக் கையில் மிஞ்சியவை கொஞ்சம்தான். பெட்ரோல், டீசல். வண்டி வரி. மின்சார வரி. பத்திரப்பதிவு. சாராயம்.

கடைசியிலிருந்து வருவோம். 2020-21ல் டாஸ்மாக் மூலம் வந்த வரி 33,811 கோடி. சொந்த வரி வருவாய் மொத்தம் 1.06 லட்சம் கோடி. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. இதையும் 2.16 கோடியால் வகுக்கலாம். குடும்பத்துக்கு 15,650 ரூபாய். எங்கள் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. அப்படியானால் எங்கள் பங்கையும் சேர்த்து யாரோ ஒருவர் குடித்துக் கட்டியிருக்கிறார். தினக்கூலியில் பாதியைக் கொண்டுபோய்க் கவுண்டரில் கொடுக்கிறவர் வரியைக் குறைத்துக் காட்ட வழியே இல்லை. ரொக்கம் கொடுத்தால்தான் பாட்டில். தமிழ்நாட்டின் மிக நேர்மையான வரி செலுத்துநர் அவர்தான். 2,63,976 என்ற படம் அவரையும் கடன்காரர் என்கிறது. என்னையும் கடன்காரர் என்கிறது. இந்தச் சமத்துவம்தான் அந்த அறிக்கையில் எனக்குத் தாங்க முடியாத பகுதி.

ஏன் தாங்க முடியவில்லை என்றால், பத்திரப்பதிவுதான்.

2018 தொடக்கத்தில் அப்பா மதுரைக்கு வெளியே ஒரு பிளாட் வாங்கினார். அவர் ரிட்டயர்மெண்ட் பணம் கொஞ்சம், என் சேமிப்பு கொஞ்சம். விலை 26 லட்சம். பத்திரம் எழுதுகிறவர் கணக்குப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"சார், கைடுலைன் பன்னெண்டுதான் வருது. அதைப் போட்டுருவோம். மிச்சத்தைக் கையில குடுத்துருங்க."

அப்பா என்னைப் பார்த்தார். முப்பது வருஷம் சர்க்கார் சம்பளம் வாங்கியவர்.

"எல்லாருமே அப்படித்தான் தம்பி," என்றார் பத்திர எழுத்தர், என்னிடம். "நீங்க மட்டும் கூடப் போட்டா பக்கத்து பிளாட்காரனுக்குத்தான் சங்கடம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. 12 லட்சத்துக்குப் பதிந்தோம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம், மொத்தம் 1.32 லட்சம். உண்மை விலைக்குப் பதிந்திருந்தால் 2.86 லட்சம். மிச்சப்படுத்தியது 1.54 லட்சம். எங்கள் குடும்பத்தின் தலையில் இருப்பதாகச் சொல்லப்பட்ட கடனில் பாதிக்கு மேல், ஒரே ஒரு மத்தியானத்தில் நாங்களே உண்டாக்கியது.

அந்த 12 எப்படி வந்தது என்பதில் அரசுக்கும் பங்கு உண்டு. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை மாநிலம் முழுக்க 33 சதவீதம் குறைத்தார்கள். கூடவே பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 ஆக்கினார்கள். எங்கள் பிளாட்டின் பழைய வழிகாட்டி மதிப்பு 18 லட்சம். பழைய கணக்கில் 8 சதவீதம் என்றால் 1.44 லட்சம் கட்டியிருப்போம். புதிய கணக்கில் 1.32. அரசுக்கு வருமானம் குறைவு. கூடவே இன்னொரு 6 லட்சத்தைக் கறுப்பாகக் கைமாற்றச் சட்டப்படியே வழிவிட்டது. நடுத்தர வர்க்கத்தை மகிழ்விக்கப் போட்ட திட்டம். மகிழ்ந்தோம். 2023 ஏப்ரலில் பழைய மதிப்புக்கே திரும்பி, பதிவுக் கட்டணத்தை 2 சதவீதம் ஆக்கினார்கள். 18 லட்சத்துக்கு 9 சதவீதம், 1.62 லட்சம். அறிக்கை எழுதிய அமைச்சரே கொண்டுவந்த மாற்றம் அது. அறிக்கையில் சொல்ல முடியாமல் போனதை பட்ஜெட்டில் சொன்னார் என்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் ஊர்க்காரர் என்பதால் கொஞ்சம் சலுகை.

2022 ஏப்ரலில் சொத்து வரி ஏற்றியதும் அதே வகை. பெரிய வீட்டுக்கு அதிகம், 600 சதுர அடிக்குள் இருந்தால் 25 சதவீதம் மட்டும் என்று தரம் பிரித்திருந்தார்கள். குடும்பத்துக்கு இவ்வளவு என்று எல்லோரையும் ஒரே தட்டில் வைத்த அறிக்கை செய்யாததை அந்த அரசாணை செய்தது. அம்மா ரசீதை போட்டோ எடுத்து அனுப்பி, "கொள்ளையடிக்கிறாங்கடா" என்றாள். 2,63,976க்கு அவளுக்கு வந்தது பயம். இதற்கு வந்தது கோபம். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது, கடன் குறைய வேண்டும் என்றால் இது ஏறத்தான் வேண்டும் என்று நான் சொன்னது எடுபடவில்லை. கடன் அரசாங்கம் வாங்கியது, வரி நாம் கட்டுவது. அவள் மனசில் இரண்டும் வேறு வேறு ரிஜிஸ்டர். அறிக்கை அந்த இரண்டு ரிஜிஸ்டரையும் சேர்த்துத் தைத்திருக்க வேண்டும். அதைப் படித்த லட்சக்கணக்கான பேர் பயந்ததோடு சரி. 2023 மார்ச் பட்ஜெட்டில் வருவாய்ப் பற்றாக்குறை ஏறக்குறைய 30,000 கோடிக்கு வந்துவிட்டது என்று அறிவித்தபோது அந்த எண்ணை யாரும் குடும்பத்துக்கு வகுத்துப் பார்க்கவில்லை.

மூன்றாவது தடவை ஏன் படித்தேன் என்று சொல்லவில்லை அல்லவா?

அப்பா அந்த பிளாட்டை விற்கலாம் என்கிறார். வாங்க ஒருவர் வந்திருக்கிறார், மளிகைக்கடை வைத்திருப்பவர், நல்ல மனுஷன். விலை 40 லட்சம். 40க்கே பத்திரம் போட்டால் எங்களுக்கு வந்த லாபம் காகிதப்படி 28 லட்சம், ஏனென்றால் வாங்கியது 12க்கு என்று நாங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறோம். 12.5 சதவீதம் மூலதன ஆதாய வரி, 3.5 லட்சம். 26 என்று அன்றைக்கு உண்மையை எழுதியிருந்தால் அதில் பாதிக்கு மேல் வந்திருக்காது. அந்த 12ஐ இப்போது 26 ஆக்க எந்த அலுவலகத்திலும் வழி கிடையாது.

போன வாரம் அப்பா போன் செய்தார். வாங்குகிறவர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார் போல. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவரு இருபத்திரெண்டு போட்டுக்கலாங்குறாரு. மிச்சம் ரொக்கமாத் தர்றாராம். நீ என்னடா சொல்ற?"

நாளைக்குச் சொல்றேன்ப்பா என்றேன்.